போஸ்டர் ஒட்டாத சாவுகள்

வெள்ளூருணியில் ஒருவர் இறந்துபோனார் என்று டாக்டர் சொன்னால் யாரும் நம்புவதில்லை, சங்கு ஊதினால் பாதிப் பேர் நம்புவார்கள், பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டி, பசை காய்வதற்குள் நாலு பேர் நின்று படித்து, ‘அடப்பாவமே, இவுகளா!’ என்று உச்சுக் கொட்டினால்தான் அந்தச் சாவு சாவாகும். பாடை தூக்க வந்தவர்கள்கூட “எடுக்கலாமா?” என்று கேட்பதில்லை, “போஸ்டர் ஒட்டியாச்சா?” என்றுதான் கேட்பார்கள். அந்தப் போஸ்டர்கள் அத்தனையும் ஒரே கம்ப்யூட்டரில் பிறந்தவை. தபால் ஆபீஸ் எதிரில் இருந்த சோலை கிராபிக்ஸ் கடையின் கம்ப்யூட்டர் அது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவே ரோஜா மாலை, மேலே மேகத்துக்குள் ஒரு கண், அந்தக் கண்ணிலிருந்து சொட்டும் ஒரு துளி என்று கடைக்காரன் சோலைராஜ் எப்போதோ போட்டுவைத்த டிசைன், அதில் முகமும் பெயரும் மட்டும் மாறும். வேறு டிசைனில் சாக அந்த ஊரில் ஒருத்தருக்கும் சம்மதமில்லை.

கடையில் இருந்தது இரண்டே பேர், சோலைராஜும் அவன் பெண்டாட்டி செண்பகவல்லியும். அவன் முகங்களை வெட்டி, சுருக்கம் நீவி, நரையைக் கறுப்பாக்கி மாலைக்குள் உட்கார வைப்பான். அவள் பக்கத்து ஸ்டூலில் இருந்து பெயர்களைத் தட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவர்கள் குடித்தனம், மத்தியானச் சோறுகூட அந்த மேஜையிலேயே, ஒரே தூக்குவாளியில். ஊரில் மற்ற புருஷன் பெண்டாட்டிகள் பேசிக்கொள்ளும் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்தாலும் இவர்கள் ஒரு நாளில் அடுத்தவர் சாவை வைத்துப் பேசிக்கொண்ட பேச்சுக்கு ஈடாகாது, அவ்வளவு ஒட்டுதல். கம்ப்யூட்டருக்குத்தான் வயதாகிவிட்டது. ஒரு மாலையை இழுத்து வைப்பதற்குள் செத்தவருக்குத் திதி வந்துவிடும்போல இழுத்தது. சோலைராஜ் ஒரு நாள் பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் புது மதர்போர்டும் புது ரேமும் வாங்கிக்கொண்டு, பெண்பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி முகம் நிறையச் சிரிப்போடு வந்திறங்கினான்.

அது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். பூஜையன்று கீபோர்டு, கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், பசை வாளி எல்லாவற்றோடும் புதுச் சாமான்களையும் பலகையில் பரப்பி, செண்பகம் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். ரேம் என்பது ஒரு சாண் நீளம்கூட இல்லாத பச்சைத் தகடு, அதன் ஓரம் முழுக்கப் பொன் நிறத்தில் பல் வரிசை; அந்தப் பல் வரிசையைச் செருகினால்தான் கம்ப்யூட்டருக்குத் தன் நினைப்பு வரும். பச்சையில் வைப்பதைவிடப் பொன்னில் வைத்தால் பொட்டு எடுப்பாக இருக்கிறது என்று அந்தப் பல்லின் மேலேயே மூன்று பொட்டு, அழுத்தி, ஆசையாக வைத்தாள். சோலைராஜ் பார்த்துவிட்டு, “நெத்திச்சுட்டி மாதிரி இருக்கு” என்றான். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்பதால் இருவரும் கடையைச் சாத்திக்கொண்டு அவல் பொரி தின்றபடி வீட்டுக்குப் போனார்கள்.

விஜயதசமி காலையில் பழைய போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டி, பொட்டுக் கலையாமல் ரேமைச் செருகி, சூடம் காட்டி, சோலைராஜ் சுவிட்சைப் போட்டான். உள்ளே காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் நீளமாக ஒரு விசில் மட்டும் கேட்டது. “என்ன எழவுடா இது” என்று குனிந்தவன், குனிந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திறந்து கிடந்த பெட்டியின் மேல் சாய்ந்தான். பின்வீட்டில் இருந்த ரிட்டயர்டு நர்ஸ் ஜெபமணியம்மா ஈரக் கையோடு ஓடிவந்து, நாடி பார்த்து, கண் இமையை விலக்கிப் பார்த்து, நெஞ்சில் காதுக்குழாய் வைத்துப் பார்த்து, “போயிட்டாரு தாயி” என்றாள். செண்பகம் வாயைத் திறந்தாள், அழுகை தொண்டைக்கு வருவதற்குள் சோலைராஜ் தலையைத் தூக்கினான்.

“யாரு போயிட்டா?” என்றான். பிறகு பெட்டிக்குள் பார்த்து, “ரேம் சரியா உக்காரல போல. ஏ செம்பகம், ஒரு டீ சொல்லு, ஜெபமணிக்காவுக்கும் சேத்து” என்றான்.

ஜெபமணியம்மா இன்னொரு தடவை காதுக்குழாயை வைத்துக் கேட்டாள், உள்ளே ஒன்றுமே ஓடவில்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாததால் வந்த டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் தவசி, வயிற்றில் புற்று வந்து கிடந்தவர், இறந்துபோய், இறந்த கையோடு மகளிடம் வெந்நீர் கேட்டார். மறுநாள் பருத்திக் கமிஷன் கடைக்காரர் ஒருத்தர். அதற்கு மறுநாள் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமியார், பாதி வசவில் மூச்சு நின்றும் மீதி வசவை நிறுத்தவில்லை. ஊருக்கு விஷயம் விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை. போஸ்டர் ஒட்டவில்லை, அதனால் செத்தவர்களுக்குத் தாங்கள் செத்தது தெரியவில்லை, தெரியாததால் போகவில்லை. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், பத்திரிகை வைக்காமல் எவன் கல்யாணத்துக்குப் போவான்?

முதலில் ஊருக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டே வெளியூர்ப் பஸ்ஸில் வந்து இறங்கிய உறவுக்காரர்களுக்குச் செத்தவரே எதிரில் வந்து பையை வாங்கிக்கொண்டு காப்பி கொடுத்தார், அவர்கள் அழுத முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், “போஸ்டர் ஒட்டினதும் ஒரு போன் போடுங்க” என்று வீட்டார் காதில் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். ரேஷன் கடையில் செத்தவர்களும் வரிசையில் நின்றார்கள், கைரேகை மெஷின் அவர்கள் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை, கடைக்காரர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார், உயிரோடிருக்கிற யாராவது கூட வந்து விரல் வைத்தால் போதும் என்றார். ஷாமியானா போடுகிறவனும் சங்கு ஊதுகிறவனும் சும்மா உட்கார்ந்து சீட்டாடினார்கள். சிலர் செத்தவர்களிடம் ஆசையாசையாய்ப் போய், “நீங்க செத்துட்டீக, தெரியுமா?” என்று சொல்லிப் பார்த்தார்கள், அவர்கள் “வாயில நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

போகப் போகத்தான் அந்தக் கொண்டாட்டம் கசந்தது. செத்தவர்கள் சாப்பிட்டார்கள், பசி அடங்கவில்லை. படுத்தார்கள், தூக்கம் வரவில்லை. மூச்சு நின்ற நேரத்தில் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார்களோ அதை விட முடியாமல் அதிலேயே கிடந்தார்கள். மாமியார் பொழுது விடிந்தால் அடைந்தால் அதே வசவை அதே இடத்திலிருந்து தொடங்கினாள், மருமகள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். கமிஷன் கடைக்காரர் சாகும்போது கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தாராம், கைபேசியை அவர் கையிலேயே கொடுத்தும் தேடினார், வீட்டுச் சாமான்களையெல்லாம் தெருவில் எடுத்துப் போட்டுத் தேடினார். கண்டக்டர் தவசிக்கு வலி. உயிர் போனால் தீரும் என்று டாக்டர்கள் கைவிட்ட வலி, உயிர் போன பிறகும் தீராமல், அவர் தரையோடு தரையாகச் சுருண்டு கிடந்து முனகும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அழ வேண்டியவர்களுக்கு அழவும் வழியில்லை, இருப்பவரை வைத்துக்கொண்டு எப்படி அழுவது? ஊர் மொத்தமும் தொண்டையில் சோறு சிக்கியதுபோல் திணறியது.

பக்கத்து டவுனில் போஸ்டர் அடித்து வந்தும் ஒட்டிப் பார்த்தார்கள். அது வேறு டிசைன், கண்ணுக்குப் பதில் புறா. கமிஷன் கடைக்காரர் தன் பெயரும் தன் படமும் போட்ட போஸ்டரின் முன் நின்று முழுக்கப் படித்து, “யாரோ நம்ம பேர்க்காரன், பாவம்” என்று உச்சுக் கொட்டிவிட்டு, எப்போது எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார். ஆக, எல்லா வழியும் சுற்றிச் சுற்றிச் சோலை கிராபிக்ஸ் வாசலுக்கே வந்து நின்றது.

அங்கே சோலைராஜ் தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சுவிட்சு போட்டதும் ஏன் திரை விழிக்கவில்லை என்பது ஒன்றே அவன் யோசனை, மூச்சு நிற்கும்போது அவன் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தானே. ஊரே கூடி அவனுக்கு யோசனை சொன்னது. எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் சரியில்லை என்று தண்ணீர் ஊற்றிக் கம்பி இறக்கினார். பழைய போர்டையே மறுபடி மாட்டலாம் என்றால், கழற்றும்போதே அது கீறல் விட்டிருந்தது. பவர் சப்ளை பெட்டியை மாற்றினார்கள். மானிட்டர் வயரை மாற்றினார்கள், மானிட்டரையே மாற்றினார்கள், போர்டில் இருந்த காசு மாதிரி பேட்டரியைக் கழற்றிக் கால் மணி நேரம் கழித்து மாட்டினார்கள். மேஜை தெற்குப் பார்த்து இருப்பதால்தான் என்று ஜோசியர் சொல்லி, மேஜையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினார்கள், அதில் கதவு திறக்க முடியாமல் எல்லோரும் பக்கவாட்டில் ஒடுங்கி உள்ளே வர வேண்டியதாயிற்று. மதுரைக் கடைக்காரர் போனில், ரேமைக் கழற்றிப் பல்லைச் சுத்தம் பண்ணி மாட்டச் சொன்னார். அது சோலைராஜுக்குத் தெரியாத வைத்தியமா? ஒவ்வொரு தடவையும் அவன் ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரப்பரை வைத்து அந்தப் பொன் பல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவான். ஆக்கிவிட்டு, மனைவியிடம் நீட்டுவான்.

“பொட்டு வை, செம்பகம். நீ வச்சாத்தான் ராசி.”

அவள் வைப்பாள். அதே இடத்தில், அதே மூன்று. அவன் பத்திரமாக வாங்கிச் செருகுவான், விசில் கேட்கும், திரை கறுப்பாகவே இருக்கும். அத்தனை பேர் அத்தனை குறை கண்டுபிடித்தார்கள், பொட்டைக் குறை சொல்ல அந்த ஊரில் ஒரு நாக்கும் எழவில்லை, சாமிக்குக் காட்டி வைத்த பொட்டு ஒரு பொருளைக் கெடுக்கும் என்று யாருக்குத் தோன்றும்? செண்பகத்துக்கும் தோன்றவில்லை. அவளுக்கு வேறு யோசனைகள் ஓடிக்கொண்டிருந்தன. புருஷன் செத்துவிட்டான், அது அவளுக்குத் தெரியும், கழுத்தில் தாலி இருக்கிறது, அவன் டீ கேட்கிறான், கையைத் தொட்டால் மண்பானை மாதிரிக் குளிர்ந்திருக்கிறது, ஆனாலும் ‘ஏ செம்பகம்’ என்று கூப்பிடுகிறான். இதுவே போதும் என்று அவளுக்கு இருந்தது. இதற்கு மேல் வேண்டும் என்று கேட்டால் இதுவும் போய்விடுமோ என்று பயந்து அவள் சாமியிடம்கூட எதுவும் கேட்கவில்லை.

பிறகு அவளுக்கு வீட்டுக்குத் தூரமான நாள் வந்தது. மாதாமாதம் அந்த நாளில் அவள் சந்தனம் குங்குமத்தைத் தொடுவதில்லை, கடை வாசலோடு சரி. சோலைராஜ் ரேமைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வழக்கம்போல் நீட்டி, ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டு, “சரி, இன்னிக்குப் பொட்டு இல்லாமலே போட்டுப் பாக்கேன்” என்றான். போட்டான். விசில் வரவில்லை. திரை வெளுத்தது, அதில் போர்டு கம்பெனியின் பெயர் பளிச்சென்று வந்து நின்றது. வாசலில் நின்ற செண்பகம் அதைப் பார்த்தாள். அதே நேரம் புருஷன் முகத்தையும் பார்த்தாள். அத்தனை நாளாக இமை ஒட்டாதவன் வாய் பிளந்து பெரிதாகக் கொட்டாவி விட்டான், நாற்காலியில் சரிந்து, “அசத்துது புள்ள, கொஞ்சம் தூங்கவா?” என்றான். அந்தச் சமயம் பார்த்து கரண்டு போயிற்று. திரை அணைந்தது, சோலைராஜ் விலுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்து, “வந்துச்சே! பாத்தியா, வந்துச்சே!” என்று குதித்தான்.

செண்பகத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்ப்யூட்டர் ஏன் விழிக்கவில்லை என்பதும் விளங்கியது, விழித்தால் என்ன ஆகும் என்பதும் விளங்கியது. கரண்டு வருவதற்குள் அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தூரமான நாளில், சந்தனக் கிண்ணத்தில் விரலை வைத்தாள்.

“பொட்டு வைக்காமப் போட்டதுலதான் கரண்டே போச்சு. கழத்துங்க அத” என்றாள்.

“நீ தொடலாமா இன்னிக்கு?”

“தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன். கழத்துங்க.”

அவன் அவள் சொல்லைத் தட்டியதில்லை, கழற்றிக் கொடுத்தான். அவள் வைத்தாள், முன்னைவிட அழுத்தி, முன்னைவிடப் பெரிதாக. சாமி கண்ணைக் குத்தினாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள், இதைவிடப் பெரிதாக அவளைக் குத்த சாமியிடம் என்ன மிச்சம் இருந்தது? கரண்டு வந்ததும் விசில் கேட்டது, அந்த விசிலைக் கேட்டுச் செண்பகம் சந்தோஷப்பட்டாள்.

அதன் பிறகு அவள் தெரிந்தே வைத்தாள். காலையில் அவன் தேய்ப்பான், அவள் வைப்பாள், அவன் செருகுவான், மத்தியானம் மறுபடி. வாசலில் வந்து நின்று “இன்னுமா சரியாகல?” என்று கேட்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் அவள் சந்தனம் உரசினாள். வர்த்தக சங்கத்தார் வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டிவருகிறோம் என்றபோது, “என் வீட்டுக்காரர் கை வச்ச மிஷின்ல இன்னொருத்தர் கை வைக்கக்கூடாது” என்று சண்டைக்குப் போனாள். ஊர் அவளை மெச்சியது. செத்த புருஷனுக்குக்கூட எவ்வளவு மரியாதை என்றார்கள். அந்த மெச்சுதல் காதில் விழும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டாள், குனிந்தாலும் விரல் கிண்ணத்துக்குப் போவது நிற்கவில்லை.

ஒரு நாள் காலையில் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கண்டக்டர் தவசியின் மகள் பூமாரி இறங்கினாள், அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி, உள்ளே கொண்டுவந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் கிடத்தினாள். அவள் தலை வாரி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

“மதினி, அப்பா இங்கனயே கெடக்கட்டும்” என்றாள். “எங்க வீட்ல கெடந்தா எங்களுக்கு மட்டுந்தான கேக்குது. இங்கன கெடந்தா அண்ணன் காதுலயும் விழும், ஒங்க காதுலயும் விழும். கேட்டுக்கிட்டே வேல பாருங்க.”

“நாங்க என்ன வேணும்னேவா பூமாரி...” என்று தொடங்கிய செண்பகத்தின் கண் சந்தனக் கிண்ணத்துக்குப் போயிற்று.

“ஒங்களக் குத்தம் சொல்லல மதினி. ஒங்க வீட்டுக்காரர் சிரிச்ச மொகத்தோட இருக்காரு. நீங்க குடுத்துவச்சவுக. எங்கப்பா ஊசி போடுங்கன்னு கெஞ்சுதாரு, ஜெபமணியம்மா போடுதாக, ஏற மாட்டேங்குது, செத்த ஒடம்புல மருந்து எப்பிடி ஏறும்? நானே தலகாணிய வச்சு அமுக்கிறலாமான்னு பாத்தேன். அமுக்கியும் பாத்துட்டேன் மதினி.” சொல்லிவிட்டு அவள் பெஞ்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

தவசி கண்டக்டர் முனகினார். ஒரு காலத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஊர் ஊராகப் பெயர் சொல்லி ஆட்களை ஏற்றிய வாய், இப்போது பேச்சாகவே இல்லாமல், ஒரே எழுத்தை இழுத்து இழுத்து முனகியது. சோலைராஜ் கழற்றிக்கொண்டிருந்த ஸ்குரூவை அப்படியே வைத்துவிட்டு அவரையே பார்த்தான். இடது நெஞ்சை உள்ளங்கையால் தேய்த்துவிட்டுக்கொண்டான். இதை அவன் அடிக்கடி செய்வான், கேட்டால் வாயு, கேஸ் என்பான், செண்பகமும் கேஸ் என்றே வைத்துக்கொண்டிருந்தாள்.

“பாவம், மனுசன் என்ன பாடு படுதாரு” என்றான். பிறகு பூமாரிக்குக் கேட்காமல், மனைவி பக்கம் சாய்ந்து, “ஏ செம்பகம், ஒங்கிட்ட ஒண்ணு சொல்லல. அன்னிக்கு விஜயதசமில இருந்து எனக்கும் இங்கன ஒரு கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. எறங்கவே மாட்டேங்குது. ஒரு நிமிசங்கூட. சொன்னா நீ பயப்படுவேன்னுதான் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கேன்” என்றான்.

செண்பகம் அவன் முகத்தைப் பார்த்தாள். வேர்வையே இல்லாத முகம். அந்தச் சிரிப்புக்குக் கீழே பல் கடிபட்டிருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது, அத்தனை நாளும் பக்கத்து ஸ்டூலிலேயே இருந்தும் தெரியாமல் போயிற்று, தெரிந்துகொள்ள அவள் ஆசைப்படவில்லை என்பதுதான் நிஜம். அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அவன் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து நீட்டியபோது வாங்கிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் போய், முதுகைக் காட்டி நின்று, முந்தானையால் அந்தப் பொன் பல்லை ஒரு துளி ஈரம் இல்லாமல் துடைத்தாள். திரும்பிவந்து கொடுத்தாள்.

“பொட்டு?” என்றான்.

“வேண்டாம். அப்பிடியே போடுங்க.”

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருகினான். விசில் வரவில்லை. கம்பெனி பெயர் வந்தது, போனது, நீலத் திரை வந்தது, அதன் மேல் ஊரின் செத்தவர்கள் பெயர் போட்ட மஞ்சள் மஞ்சள் கோப்புகள் முளைத்து வந்தன. அவன் கொட்டாவி விட்டான், கண்ணைக் கசக்கினான், “வேலைய முடிச்சுட்டுப் படுக்கேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் போஸ்டர் தவசிக்கு. கண்டக்டர் சீருடையில் எடுத்த பழைய படத்தைப் பூமாரி கொடுத்தாள். வெள்ளூருணியில் போஸ்டரின் மதிப்பு முகத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. ‘துயரில் வாடும்’ என்று போட்டு அதன் கீழே மகன், மகள், மருமகன், பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன், சம்பந்தி வீட்டார், சம்பந்திக்குச் சம்பந்தி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள், ஒரு பெயர் விட்டுப்போனாலும் கருமாதியில் அடிதடி நடக்கும். பூமாரி சொல்லச் சொல்லச் செண்பகம் தட்டினாள். அச்சடித்து, பசை தடவி, பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டி, டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்துவந்து படித்து உச்சுக் கொட்டியதும், இங்கே பெஞ்சில் முனகல் நின்றது. தவசி காலை நீட்டிப் படுத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பூமாரி அழுதாள். அத்தனை நாள் சேர்த்துவைத்த அழுகை, அவள் அழ அழத் தெருவில் நின்றவர்களும் அழுதார்கள், சங்கு ஊதுகிறவன் சீட்டுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

ஒவ்வொரு வீட்டாராகப் போஸ்டருக்கு வந்தார்கள். கமிஷன் கடைக்காரர் தேடுவதை நிறுத்தினார். மாமியாரின் வசவு பாதியில் நின்றது, மருமகள்தான் எல்லோரையும்விட அதிகமாக மாரடித்து அழுதாள். ஒப்பாரிச் சத்தம் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குத் தாவி, ஊர் முழுக்க நிரம்பி, அன்றைக்குச் சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் பாடைக்குப் பின் பாடையாக நின்று வழிவிட்டுப் போக வேண்டியிருந்தது. உச்சி வெயிலில் கடை வாசல் காலியானது. எல்லோரும் அவரவர் சாவுக்குப் போய்விட்டார்கள், சோலை கிராபிக்ஸில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

சோலைராஜ் கையை உயர்த்திச் சோம்பல் முறித்தான். “அவ்வளவுதானா? இன்னும் யாராச்சும் உண்டா?”

செண்பகம் தன் கைபேசியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். ஏதோ கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கும் படம். அதைவிட நல்ல படம் இல்லை, ஊரார் முகத்தையெல்லாம் அழகாக்கியவன் தன்னை ஒரு தடவையும் எடுத்துக்கொண்டதில்லை. படம் திரையில் விரிந்தது. யார் இது, நம்ம சாயல்ல இருக்கானே என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள், கேட்டால் என்ன சொல்வது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் கேட்கவில்லை. நெடுநேரம் படத்தையே பார்த்தான். பிறகு மவுஸைப் பிடித்து, சாம்பார் வாளியை வெட்டி எடுத்தான், பின்னால் இருந்த ஆட்களை அழித்தான், தோளைச் சரிசெய்து மாலைக்குள் உட்கார வைத்தான்.

“முடியக் கறுப்பாக்கவா?” என்றான். எல்லா வீட்டாரிடமும் கேட்கிற கேள்வி.

“வேண்டாங்க. நரை இருக்கட்டும்.”

“சரி. பேரத் தட்டு.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் பெயரைத் தட்டினாள். எத்தனையோ பெயர்களைத் தட்டிய விரல் அந்த நாலு எழுத்தில் தடுமாறி, அழித்து, மறுபடி தட்டியது. துயரில் வாடும் என்பதற்குக் கீழே தன் பெயரைத் தட்டினாள், செண்பகவல்லி. அதற்கு மேல் தட்ட ஒன்றும் இல்லை. தாய் தகப்பன் போய்விட்டார்கள், பிள்ளை பிறக்கவில்லை. திரையின் அடிப்பாதி வெள்ளையாகக் கிடந்தது.

சோலைராஜ் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்கு டிசைன் பிடிக்காவிட்டால் அப்படித்தான் பார்ப்பான்.

“ஒத்தப் பேரா நிக்குதே, செம்பகம். பாக்க நல்லால்ல. வெள்ளூருணி ஊர்ப் பொதுமக்கள்னு ஒரு வரி சேத்துருவமா, எடம் நெறஞ்சிரும்?”

“வேண்டாங்க” என்றாள். “ஒத்தையாவே இருக்கட்டும்.”

அவன் அவள் கையிலிருந்த மவுஸை வாங்கி, அந்த ஒற்றைப் பெயரின் மூலையைப் பிடித்து இழுத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெள்ளையே தெரியாமல் பெரிதாக்கிவிட்டு, பிரிண்ட் கொடுத்தான்.